கடைசி ஆளுக்கு ஒரு கண்

சனிக்கிழமை காலையில் தெமியானா கணினியைத் திறந்தபோது, முந்தைய நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த கல்லறைக்குள் யாரோ ஒருவர் மூச்சு விட்டிருப்பது தெரிந்தது.

திரையில் இருந்தது ஒரு கோடுதான். மலையடிவாரக் கல்லறைக்குள் தீப்பெட்டி அளவில் மூன்று கருவிகளை வைத்திருந்தார்கள். காற்றில் உள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் அவை இரவு பகலாக அளக்கும். பழைய வண்ணங்களுக்கு வெயிலைவிட, வெள்ளத்தைவிட மனிதனின் மூச்சுதான் பெரிய பகை என்பது எகிப்தின் லக்சர் ஊரில் டீக்கடைக்காரனுக்கும் தெரியும். ஆட்கள் உள்ளே போனால் கோடு ஏறும். வெளியே வந்து இரும்புக் கதவைப் பூட்டினால் மெல்ல இறங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். வியாழக்கிழமை மாலையும் ஒழுங்காகத்தான் படுத்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ரமலான் வேறு, மலைக்கு யாரும் போகவில்லை. ஆனால் அன்று விடியற்காலையில் அது தலையைத் தூக்கியிருந்தது.

ஏறிய விதம்தான் தெமியானாவைத் தொந்தரவு செய்தது. சுற்றுலாக்காரர்கள் கும்பலாக நுழைந்தால் கோடு செங்குத்தாக எழும். இது அப்படி இல்லை. ஒரே ஒரு ஆள். அவசரம் இல்லாதவன். முதலில் பழக்கமில்லாதவனைப் போல விட்டு விட்டு, பிறகு சீராக, பிறகு ஆழமாக.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஐந்தாம் மாதம். இதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் நான்காம் மாதத்தைத் தாண்டாமலே போய்விட்டன. இது தாண்டிவிட்டது. ஆனால் இன்னும் அசையவில்லை. "அசைஞ்சுதா?" என்று கணவன் எமீல் தினமும் பல் விளக்கும் பிரஷ்ஷோடு வந்து கேட்பான். அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். அவன் திரும்பிப் போய் வாய் கொப்பளிப்பான். அந்தக் கொப்பளிக்கும் சத்தத்தைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்ன இது?"

டாக்டர் ஷாஹிரா பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆய்வுக் குழுவின் தலைவி. கெய்ரோக்காரர். தெற்கே பிறந்த எவனும் சாவியை வாடகைக்கு விடுவான் என்பது அவருடைய உறுதியான ஆராய்ச்சி முடிவு. அந்த ஆராய்ச்சிக்கு மட்டும் அவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"கருவிக் கோளாறா இருக்கலாம் டாக்டர்."

"மூணுக்கும் ஒரே நாள்ல வயித்து வலி வந்துடுச்சா? நூபியைக் கூப்பிடு."

காவலாளி நூபி ஹாஜியார் வந்தார். தலைப்பாகையின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நோன்பு வைத்த உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"நேத்து எத்தனை வெள்ளைக்காரனை உள்ளே விட்டே?"

"நோன்பு வாயோட சொல்றேன் மேடம், பூட்டை நான் தொடவே இல்லை."

"அப்போ உள்ளே யார் மூச்சு விட்டது? செத்தவனா?"

"செத்தவன் மூச்சு விட்டாலும் அதை என் சம்பளத்துலதானே பிடிப்பீங்க" என்றார் நூபி. பிறகு தெமியானாவின் பக்கம் திரும்பினார். "இஞ்ஜினியரம்மா, அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான். கும்பல் வந்ததா, இல்லையா? சொல்லுங்க."

கும்பல் வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை கல்லறைச் சுவரோவியத்தின் திறப்பு விழாவுக்கு அமைச்சகத்து ஆட்கள் வருகிறார்கள். கருவியில் குழப்பம் என்று எழுதினால் விழா தள்ளிப்போகும். ஐந்து மாத வயிற்றோடு அந்த மலையில் ஏறி இறங்கி அவள் செய்த வேலை வேறு எவளுடைய பெயரிலாவது வெளியாகும். தெமியானா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூபி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "சரி" என்றார். மதியத்துக்குள் அவரைப் பாலைவனத்து மூலையில் இருந்த ஒரு கிடங்குக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாம் கல்லறைக்குள் இருந்த அந்த மேற்குச் சுவரால் வந்தது. காணிக்கை கொண்டுபோகிறவர்களின் நீண்ட வரிசை ஒன்று அதில் ஓவியமாக இருந்தது. வாத்து, ரொட்டி, தாமரை, கயிற்றில் கட்டிய கன்று. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் பெயர். கடைசியில் நின்றவனுக்கு மட்டும் பெயர் இல்லை. கையில் பொருளும் இல்லை. வெறும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய முகத்தில் கண் இல்லை. மூக்கையும், வாயையும், இரண்டு பாதங்களையும் யாரோ உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள்.

அவனுக்கு முன்னால் ஒரு பெண். வரிசையில் எல்லோரும் நேராகப் பார்த்து நடக்க, அவள் மட்டும் பின்னால் திரும்பி அவனைப் பார்த்தபடி நடந்தாள். அவள் மார்புக்குக் குறுக்கே ஒரு தூளி தொங்கியது. துணி பாரத்தால் புடைத்திருப்பதை மடிப்பு மடிப்பாக வரைந்தவர்கள், உள்ளே குழந்தையை வரையவில்லை. ஓவியர் மறந்துவிட்டார் என்று டாக்டர் ஷாஹிரா ஒரு கட்டுரையே எழுதியிருந்தார்.

உருவத்தைக் கொத்துவது அந்தக் காலத்தில் பகை தீர்க்கும் வழி. மூக்கு போனால் அந்த உருவத்துக்குரியவன் மறு உலகத்தில் மூச்சு விட முடியாது. கண் போனால் பார்க்க முடியாது, பாதம் போனால் நடக்க முடியாது. யாரோ பொறாமைக்காரன் பிற்பாடு வந்து வெட்டிவிட்டான், நாம் முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதுதான் டாக்டர் ஷாஹிராவின் திட்டம். பழஞ்சுவரில் தூரிகை படக் கூடாது. அதனால் ஒளியால் வரைவது. அகச்சிவப்புக் கேமராவில் தெமியானா சுவரைப் படம் எடுத்தாள். வண்ணத்துக்கு அடியில் ஓவியர்கள் முதன்முதலில் போட்ட சிவப்புக் கோடு உளிக்குழிகளின் ஓரங்களில் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூக்கை மீட்டாள், வாயை மீட்டாள், பாதங்களை மீட்டாள். அதையெல்லாம் புரொஜெக்டர் வழியாக அச்சுப் பிசகாமல் சுவரின் மேல் விழவைத்தால் ஆள் முழுசாக நிற்பான்.

கண்ணுக்கு மட்டும் கோடு இல்லை. எந்த ஒளியில் பார்த்தாலும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அங்கே கண் வரையப்படவில்லை என்பதுபோல அந்த இடம் சுத்தமாக இருந்தது. "பக்கத்துல இருக்கிறவன் கண்ணை எடுத்து வை, இதுக்கெல்லாம் என்னைக் கேட்பியா?" என்றார் டாக்டர் ஷாஹிரா. தெமியானாவுக்கு அது மனசில்லை. வியாழக்கிழமை மதியம் அவளே உட்கார்ந்து வரைந்தாள். பக்கவாட்டு முகத்தில் நேராகப் பார்க்கும் முழுக்கண், அந்த ஓவியர்கள் வரைகிற மாதிரியே. கீழ் இமைக் கோட்டை இழுக்கும்போது கை நழுவி, கோட்டில் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. திருத்தப் போனவள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள். மாலையில் புரொஜெக்டரைப் போட்டுச் சோதித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் விடியலில் கோடு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் புரொஜெக்டரைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத் தெமியானா மலை ஏறினாள். கல்லறைக்குள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அன்று மூடிய அறையில் ஒருவர் வெகு நேரம் தூங்கி எழுந்ததுபோல ஒரு வெதுவெதுப்பு இருந்தது. ஒளி சரியாக விழுகிறதா என்று பார்க்க, கைக்கடக்கமான நுண்ணோக்கியை மூக்கு இருந்த குழியின் ஓரத்தில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

குழிக்குள் வண்ணம் இருந்தது.

தெறித்த வண்ணம் இல்லை. தூரிகை உளியின் தழும்புக்குள் இறங்கி, அதன் அடிவரை போய், பொறுமையாகத் தடவியிருந்தது. வாய்க்குழியிலும் அப்படியே. பாதங்களிலும் அப்படியே. சிவப்புக் கோடு முதலில், உளி அடுத்து, வண்ணம் கடைசியில். பிற்பாடு வந்த பகைவன் என்று யாரும் இல்லை. இந்தச் சுவரை வரைந்தவர்களே, வரையும்போதே, இவனுடைய மூக்கையும் வாயையும் காலையும் எடுத்துவிட்டுத்தான் வண்ணம் பூசியிருக்கிறார்கள். கண்ணை அவர்கள் கோட்டில்கூடப் போடவில்லை. ஏதோ ஒரு காரணத்தால் இவனை இந்த வரிசையில் நிறுத்தியே ஆக வேண்டியிருந்திருக்கிறது. நிறுத்தினார்கள். எழுந்து வர முடியாதபடி நிறுத்தினார்கள்.

அவள் வெளியே ஓடி வந்து, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் நின்று டாக்டர் ஷாஹிராவை அழைத்தாள். மூச்சு வாங்க, பார்த்ததைச் சொன்னாள்.

"பத்திரிகைக்குக் குடுத்தாச்சு" என்றார் அவர். "எதிரி வெட்டினான், நாம ஒட்டினோம். நாளைக்கு அதுதான் கதை. உன் குழிக்குள்ள என்ன இருக்குங்கிறதை அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"கண்ணை மட்டுமாவது எடுத்துடலாம் டாக்டர். அதுக்கு ஆதாரமே கிடையாது, நானா வரைஞ்சது."

"பிள்ளைத்தாச்சின்னா மூளையும் சேர்ந்து வீங்குமா? வேலையைப் பாரு." போன் வைக்கப்பட்டது.

வெயில் மஞ்சளாகி மலையின் இடுப்புவரை இறங்கியிருந்தது. நூபியின் இடத்துக்கு வந்திருந்த போலீஸ்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். கீழே வீடுகளில் அவரைக்காய் வேகும் மணமும், பொரிக்கிற எண்ணெய் மணமும் ஏறி வந்தன.

"அக்கா, நோன்பு திறந்துட்டு ஓடி வந்துடுறேன். உங்களுக்குத்தான் நோன்பு இல்லையே, கொஞ்சம் பார்த்துக்குங்க."

"எங்களுக்கும் நோன்புதான்பா. ஈஸ்டர் வரைக்கும் பால் இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை."

"அது நோன்பு இல்லக்கா, பத்தியம்" என்று சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனான்.

எகிப்தில் ரமலான் மாதத்து அந்தி நேரத்தைப் போல வெறிச்சோடிய நேரம் வேறு இல்லை. சாலையில் ஒரு வண்டி இல்லை. கடைகளில் ஆள் இல்லை. நாய்கள்கூட ஏதாவது வாசலில் போய் உட்கார்ந்துவிடும். ஊரே தட்டின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்குக் காத்திருக்கும். அந்த மலையில் நின்றது தெமியானா ஒருத்திதான். டாக்டர் ஷாஹிரா என்ன வேண்டுமானாலும் கத்தட்டும், அந்தக் கண்ணை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவள் முடிவு செய்தாள். உள்ளே போனாள்.

புரொஜெக்டரின் விசிறி சுழலும் சத்தம். சுவரில் அவன் முழுசாக நின்றான், கை நீட்டியபடி, கண் திறந்தபடி. மடிக்கணினியில் கண்ணைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். திரையில் அந்த இடம் வெறுமையானது. அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

சுவரில் கண் இருந்தது.

கணினி தாமதமாகச் சொல்கிறது போல என்று நினைத்தாள். பார்த்தாள். இன்னும் இருந்தது. மூக்கை அழித்தாள், வாயை அழித்தாள், சேமித்தாள். சுவரில் எதுவும் மாறவில்லை. புரொஜெக்டரின் வயரையே பிடுங்கினாள். விசிறி முனகி முனகி நின்றது. ஒளி போயிற்று. கூடவே மூக்கும் வாயும் பாதமும் போயின. வாசலிலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில் சுவரும் வரிசையும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வரிசையின் கடைசியில், மனிதன் உயரத்தில், ஒற்றைக் கண். கீழ் இமையில் சின்ன வெட்டு.

கீழே ஊரில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு தொடங்கியது. ஒரு பள்ளிவாசல், அடுத்தது, அதற்கடுத்தது. எல்லா ஒலிபெருக்கிகளும் சேர்ந்து மலையில் மோதி, கல்லறை வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் நின்றதுபோல இருந்தது. அவள் கையிலிருந்த கைபேசி மினுங்கியது. கருவிகளின் எண் அதில் ஓடும். ஏறிக்கொண்டிருந்தது. நான்தானே மூச்சு விடுகிறேன், அதனால்தான், என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மூச்சைப் பிடித்தாள்.

எண் ஏறியது.

மார்பு வலிக்கும்வரை பிடித்தாள். எண் ஏறியது. அப்போதுதான் அந்த மணம் வந்தது. அவளுக்குப் பழக்கமான மணம்தான். இந்த மாதம் முழுக்க, பிற்பகலில், பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்து பேசும்போது வரும் மணம், வெறும் வயிற்றின் மணம், காய்ந்த நாக்கின் மணம். ஆனால் இது காலையிலிருந்து சாப்பிடாத வாய் இல்லை. இந்தப் பட்டினிக்கு வயது அதிகம். அது அவள் முகத்துக்கு நேரே வரவில்லை. கீழே இருந்து வந்தது. இடுப்பு உயரத்திலிருந்து.

சுவரைப் பார்த்தாள்.

கண் இல்லை.

தூளியோடு நடந்த பெண் இன்னும் திரும்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பார்த்த இடத்தில் யாரும் இல்லை. இருட்டாக இருந்ததால் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். தெமியானா மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த சிலுவையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். வாசல் எந்தப் பக்கம். வலது. காலை எடுத்து வை. தரையில் மணல் நெறுநெறுத்தது. அவள் கால் இன்னும் எழவில்லை. மணல் நெறுநெறுத்தது. வெறுங்கால். மெதுவாக. புதிதாக நடக்கிறவனைப் போல. ஒன்று. நின்றது. இன்னொன்று.

வயிற்றில் துணியோடு சேர்த்து ஒரு சூடு பட்டது. உள்ளிழுத்தது. விட்டது. உள்ளிழுத்தது.

விடவில்லை.

அதே நேரத்தில் அவள் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. பாறையில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஊர் முழுக்க விளக்குகள் எரிந்தன, கரண்டிகளின் சத்தம் கேட்டது. வயிற்றில் மறுபடியும் அசைந்தது. உதைத்தது. தெளிவாக, உரமாக. தெமியானா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயத்தில் தொடங்கிய அழுகை பாதி வழியில் சந்தோஷமாக மாறிவிட்டது. ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்த போலீஸ்காரன் பதறிப்போய் என்னக்கா என்று கேட்டான். "பிள்ளை அசைஞ்சுதுப்பா" என்றாள். அவன் மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் தின்றாள். உள்ளே இருந்தது அதற்காகக் காத்திருந்ததுபோல அடங்கியது.

திங்கட்கிழமை விழா பிரமாதமாக நடந்தது. தெமியானா இல்லாத நேரத்தில் டாக்டர் ஷாஹிரா பழைய கோப்பை ஏற்றி, கண்ணோடு முகத்தைக் காட்டினார். புரொஜெக்டரை அணைத்ததும் கண்ணும் அணைந்தது. சுவர் சுவராக இருந்தது. விழாக் கூட்டம் உள்ளே இருந்த நேரம் தவிர, மூன்று கருவிகளின் கோடுகளும் ஞாயிறு அந்தியிலிருந்து தரையோடு படுத்திருந்தன.

"பார்த்தியா?" என்றார் டாக்டர் ஷாஹிரா, கோட்டின் மேல் நகத்தால் தட்டி. "திருடனை மாத்தின மறுநாளே மூச்சும் நின்னுடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

தெமியானாவுக்கு நூபியின் முகம் நினைவுக்கு வந்தது. அப்போதும் அவள் விசைப்பலகையைத்தான் பார்த்தாள். கல்லறையில் மூச்சு நின்றுவிட்டது, அவளுக்கு அது போதும். இருட்டு, பயம், வெறும் வயிறு, மூச்சைப் பிடித்தால் தலை சுற்றாதா என்ன. எமீல் அவள் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சிரித்தான். "கால்பந்து ஆடப்போறான், எழுதி வச்சுக்கோ" என்றான். பந்து உதைக்கிற உதையாக அது அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று, கொஞ்சம் நிறுத்தம், இன்னொன்று. ஒரு அறைக்குள் மெதுவாக நடந்து பார்க்கிறவனின் கால்போல இருந்தது. அவளுக்குப் பசி தாங்கவில்லை. விரதத்தை முறித்தாள். ரொட்டி தின்றாள், வாத்து தின்றாள், எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். தின்னத் தின்ன அவள் கன்னம்தான் ஒட்டிப்போயிற்று.

வியாழக்கிழமை காலை படகில் ஆற்றைக் கடந்து ஸ்கேனுக்கு டாக்டர் ஈவோனிடம் போனார்கள். முந்தைய இரண்டு முறையும் கையைப் பிடித்துக்கொண்டு கெட்ட செய்தியைச் சொன்னவர் அவர்தான். ஜன்னலில் வெயில் அடித்தது. வெளியே யாரோ தக்காளி விலையைக் கத்திக்கொண்டு போனான். வயிற்றில் பசை சில்லென்று விழுந்தது. எமீல் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பையன்தான்" என்றார் டாக்டர் ஈவோன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பக்கவாட்டுல எவ்வளவு லட்சணமா விழுந்திருக்கான் பாருங்க. மூக்கைப் பாருங்க. இது யார் மூக்கு, அப்பாவோடதா?"

"ஐயோ, என் மூக்கு வேணாம் டாக்டர், பையன் பிழைக்கட்டும்" என்றான் எமீல்.

எல்லோரும் சிரித்தார்கள். தெமியானாவும் சிரித்தாள். திரையை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

"இப்போ நேர்ல முகம் காட்டுடா ராஜா." டாக்டர் கருவியை நகர்த்தினார். திரையில் பக்கவாட்டு முகம். இன்னொரு பக்கத்திலிருந்து வைத்தார். பக்கவாட்டு முகம். மேலிருந்து வைத்தார், அடியிலிருந்து வைத்தார். அதே முகம், அதே பக்கம், ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், ஒரு கை மட்டும் நீட்டியபடி. டாக்டர் ஈவோனின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை அவர் மறந்துவிட்டார். "இந்த மாசத்துல இமை ரெண்டும் ஒட்டி மூடியிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். யாருக்கும் சொல்லவில்லை.

தெமியானா திரும்பிப் பார்த்தாள்.

பக்கவாட்டு முகத்தில், நேராக, முழுசாக, திறந்த கண். கீழ் இமைக் கோட்டில் ஒரு சின்ன வெட்டு.

டாக்டர் ஈவோன் கருவியை அவள் வயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். பிடி நழுவி அது கீழே விழுந்து, வயரோடு தரைக்கு மேல் ஊசலாடியது. அதன் முனை யார் வயிற்றையும் தொடவில்லை. திரை இருட்டாகியிருக்க வேண்டும். எமீல் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தான், கண்ணில் நீர் வழிய, "நம்ம பிள்ளை தெமியானா, நம்மைத்தான் பார்க்கிறான் பாரு" என்று சொல்லிக்கொண்டு அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

திரையில் முகம் அப்படியே இருந்தது. நீட்டிய வெறும் கையின் விரல்கள் மெல்ல மடங்கின.